ஜிலேபிக் கெண்டையின் ஈரல்

ஆமத்தூருக்கு ரோடு பிரியும் விலக்கில் குருவம்மாள் காலை ஏழு மணியிலிருந்து ஜிலேபிக் கெண்டையோடு உட்கார்ந்திருந்தாள். பத்து மணி வெயிலிலும் கூடையில் ஒரு மீன்கூடக் குறையவில்லை. ஈரச் சாக்கைத் தூக்கித் தூக்கி ஈ விரட்டினாள்.

வாடிக்கையாக வாங்கும் சொர்ணலட்சுமி கையில் பேப்பரோடு வந்தாள்.

"கண்மாய் மீனு விஷமின்னு போட்டுருக்கு. தெரிஞ்சேதான் எம் பிள்ளைகளுக்குக் குடுத்தியா?"

"எம் பிள்ளைகளும் இதைத்தான தாயி தின்னுச்சு."

சொர்ணலட்சுமி கூடையைக் காலால் தள்ளிவிட்டுப் போனாள்.

குருவம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கு நடந்தாள். கரையில் ஜீப் நின்றது. கண்மாயைக் குத்தகைக்கு எடுத்திருந்த அவள் புருஷன் பெத்தணனிடம் மீன்துறை அதிகாரி மீனையெல்லாம் அழிக்கச் சொல்லும் உத்தரவை நீட்டிக்கொண்டிருந்தார். மூன்று மாதம் முன்பு சோதனைக்கு மீன் வாங்கிப்போன கல்லூரி ஆராய்ச்சிக்காரி அருணாதேவியும் நின்றாள்.

"நானோ துகள்ணே. கண்ணுக்குத் தெரியாது" என்றாள் அருணாதேவி.

"நானோவா? அந்தச் சின்னக் காரு பேருல்ல?" என்றான் பெத்தணன்.

"இது பட்டாசுக்குப் போடுற அலுமினியப் பவுடர். செவுள் வழியா உள்ள போயி ஈரல்ல தங்கிருது. நாளாக ஆகச் சேந்துக்கிட்டே இருக்கு. கழுவுனாலும் போகாது, வேகவெச்சாலும் போகாது."

பெத்தணன் அதிகாரியிடம் திரும்பினான். "மேக்க இருக்கிற பவுடர் கம்பெனியில சாக்கு அலசுற தண்ணிதான் இங்கன விழுகுது. அதை அடைச்சீகளா?"

"அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லய்யா. மீனு மட்டும்தான் எங்களுக்கு. கையெழுத்துப் போடு."

குருவம்மாள் கூடையை இறக்கினாள். "ஆறு வருசமாத் தின்னுருக்கோம். எங்க ஈரலையும் பாத்துச் சொல்லுவீகளாம்மா?"

அருணாதேவி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மீனுக்குத்தான்க்கா அனுமதி வாங்கியிருக்கேன்."

மத்தியானம் பெத்தணனையே வலை இழுக்கச் சொன்னார்கள். கம்பெனியிலிருந்து வந்த ஜேசிபி கரையோரம் குழி வெட்டியது. குழிக்குள் துள்ளிக்கொண்டிருந்த மீன்கள் மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். குருவம்மாளும் தன் கூடையைக் கவிழ்த்தாள். பவுடரில் கண் எரிந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம், கண்மாயில் மீன் பிடிப்பது தண்டனைக்குரியது என்று எழுதிய பலகையைக் கொண்டுவந்தார்கள். கரை மண் காய்ந்து இறுகிக் கிடந்தது, கடப்பாரை இறங்கவில்லை. மண் இளகியிருந்த இடம் கம்பெனி வாய்க்கால் ஒன்றுதான், அதற்குள்ளேயே நட்டார்கள். சாம்பல் நிறத் தண்ணீர் பலகையின் காலைச் சுற்றிக்கொண்டு, நுரையோடு கண்மாய்க்குள் இறங்கியது.