பால் வற்றுவதற்கான பூ

"கல்யாண வீடா, பூஜையா? எத்தனை முழம் தம்பி?" சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பூக்கடைக்காரர் கேட்டார். டெரன்ஸின் சட்டையில் கல்லறை மண் ஒட்டியிருந்தது. காலையில்தான் சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்தில் மகனை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தான்.

"வீட்டுக்குத்தாண்ணே. ரெண்டு முழம்."

மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் மனைவி அபிகேலுக்குப் பால் வற்றிவிடும் என்று மாமியார் பிரிஜட் சொல்லி அனுப்பியிருந்தார். பிரிஜட்டின் கைவைத்தியத்தை எதிர்த்துப் பேச அந்தக் குடும்பத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

தெம்பனிஸ் வீட்டில் அபிகேலின் சட்டை நனைந்திருந்தது. பிள்ளை போன பிறகு பார்த்து இந்தப் பால் ஏன் சுரக்க வேண்டும்? டெரன்ஸுக்குக் கடவுள்மேலேயே கோபம் வந்தது.

"கட்டாதீங்கம்மா," என்றாள் அபிகேல். "பாலை ஆஸ்பத்திரிக்குக் குடுத்துடறேன்."

"பைத்தியமாடி? பச்சை உடம்பு. வெளிய போனா காய்ச்சல் வந்துடும் லா."

"இருந்த நாலு நாளும் எவளோ ஒருத்தி குடுத்த பாலைத்தானேம்மா குடிச்சான்?"

ஜப்பானியர்களும் உள்ளூர்க்காரர்களும் கூட்டாகத் தொடங்கிய தாய்சேய் மருத்துவமனை அது. தாய்மார் தானமாகத் தரும் பாலைச் சேமித்துக் குறைமாதப் பிள்ளைகளுக்குப் புகட்டுவார்கள்.

"கடைசியில அந்த ஜப்பான் டாக்டர் நம்ம பிள்ளைக்குக் குனிஞ்சு வணக்கம் சொன்னாரே, டெரன்ஸ். பெரிய மனுஷனுக்குச் சொல்ற மாதிரி. அங்கதான் குடுக்கணும். கூட்டிட்டுப் போறீங்களா?"

இனி அந்தக் கட்டடத்தை ஏறிட்டும் பார்ப்பதில்லை என்றிருந்தான் அவன்.

பிரிஜட் பூப்பொட்டலத்தைப் பிரிக்காமலே மேசையில் வைத்தார். ஒரு துண்டை எடுத்து மகளின் காதை மூடிக் கட்டினார்.

"காத்து பட்டுடாம பாத்துக்குங்க மாப்பிள்ளை. டாக்சிக்குச் சொல்லுங்க."

மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை முடிந்து அபிகேல் பால் எடுக்கும் அறைக்குள் போனாள். டெரன்ஸ் வெளியே உட்கார்ந்திருந்தான். இன்குபேட்டர் துவாரம் வழியாகக் கையுறை விரலால் தொட்டதோடு சரி. உயிரோடு மகனை அவன் ஒருமுறையும் தூக்கியதில்லை. கையில் கொடுத்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

தாதி மர்யம் அபிகேலின் பால் இருந்த சின்ன பாட்டிலோடு வெளியே வந்தார். எங்கோ மணி அடித்தது. "கொஞ்சம் பிடிங்க சார்," என்று அவனிடம் கொடுத்துவிட்டு ஓடினார். அவன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

திரும்பி வந்தவர் கையை நீட்டினார். "குடுங்க சார், ஃபிரிட்ஜ்ல வைக்கணும்."

"இன்னும் சூடா இருக்கு சிஸ்டர்," என்றான் டெரன்ஸ்.

மர்யம் நீட்டிய கையை இறக்கிக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.