பழுப்பு நூல்

பிடரி விண்ணென்று தெறித்தது. விடிந்ததிலிருந்து நாங்கள் கப்பலிலிருந்து இறக்கிய கம்பளிக் கட்டுகள் நூற்றைத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றின் மேலும் கொடுத்த நாட்டின் கொடி. அதன் கீழே, 'வெள்ளத்தில் தவிக்கும் நண்பர்களுக்கு எங்கள் மக்களின் அன்பளிப்பு'.

"நம்மள எப்படிய்யா அவங்களுக்குத் தெரியும்?" என்றான் என்னோடு சுமை தூக்கும் ஒட்டடைக்குச்சி. "நான் அந்தத் திசையில தலை வச்சுக்கூடப் படுத்ததில்லையே."

"உன் அழகு கடல் தாண்டிப் போயிருக்கும்."

சிரித்தோம். ஆனால் எனக்கும் அதே கேள்விதான். முகம் தெரியாத ஒருவன் எதற்காக எனக்குப் போர்த்திவிட நினைக்கிறான்?

எங்கள் தெருவிலும் தண்ணீர் புகுந்திருந்ததால் நிவாரண அதிகாரி ஆளுக்கொரு கம்பளி கொடுத்தார். வீட்டில் மனைவி அதைப் பிரித்தாள். அவள் கம்பளி மில்லில் ஓரம் தைப்பவள். எந்தத் துணியானாலும் முதலில் தையலைத்தான் பார்ப்பாள்.

"ஏங்க, இது எங்க மில்லு."

"கப்பல்ல வந்ததுடி. கொடியெல்லாம் போட்டிருக்கு."

"கொடி கிடக்கட்டும். மூணு ஓரம் சிவப்பு, ஒண்ணு மட்டும் பழுப்பு. சிவப்பு நூல் தீர்ந்துபோச்சு, பழுப்ப மாட்டுன்னு சூப்பர்வைசர்தான் சொன்னான். உலகத்துல வேற எவன் இப்படித் தைப்பான்?"

அது ஒரு வெளிநாட்டு ஆர்டர். அதற்காக ஓரம் தைக்கும் நாற்பத்து மூன்று பெண்களும் ஷிப்ட் முடிந்தும் தினம் மூன்று மணி நேரம், பதினொரு நாள் தைத்தார்கள். பிறகு, வாங்கியவன் பழுப்பைப் பார்த்துச் சரக்கை ஒதுக்கிவிட்டான், ஒரு காசு வரவில்லை என்று மேனேஜர் ஓவர்டைம் கூலியை நிறுத்திவிட்டார்.

மறுநாள் கம்பளியை இடுக்கிக்கொண்டு மேனேஜரிடம் போனாள். நானும் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கூடப் போனேன். எப்படித்தான் இது சுற்றி வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் இருப்புக் கொள்ளவில்லை.

மேனேஜர் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "ஒதுக்கினது உண்மைதாம்மா. கடையில விக்காது, தானத்துக்கு ஆகும்னு அப்புறம் அந்த நாட்டுக்காரங்களே பாதி விலைக்கு எடுத்துக்கிட்டாங்க. நமக்கே தானமா வரும்னு நான் கண்டனா?"

"பாதி வந்துச்சுல்ல சார்? அப்ப எங்களுக்கு?"

"அது நூலுக்கும் கரண்டுக்குமே சரியாப்போச்சு. சும்மா ஒரு கம்பளி கிடைச்சுதே, சந்தோஷப்படேன்."

"சும்மாவா? அவங்க கொடுத்தது பாதி. மீதிய யாரு சார் கொடுத்தா? நாங்கதான? எங்க பேர எங்க போட்டிருக்கு?"

அவர் போனை எடுத்து யாருக்கோ பேசத் தொடங்கினார். மறுமுனையில் ஆள் இருந்ததாகத் தெரியவில்லை.

கம்பளி நல்ல கதகதப்பு, குறை சொல்ல முடியாது. நாற்பத்து மூன்று பெண்களுக்குப் பதினொரு நாள் ஓவர்டைம் கூலியை மில் இன்னும் கொடுக்க வேண்டியிருக்கிறது.