சிங்கமீனுக்கு ஒரு வாரப் பட்டினி

கட்டில் எனக்கு, ஃபிரிட்ஜ் அவனுக்கு. வாஷிங் மெஷின் எனக்கு, டி.வி. அவனுக்கு. விவாகரத்து என்று முடிவான பிறகு வீட்டுச் சாமான்களைப் பிரிக்க எங்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மிக்ஸியை இருவருமே சீண்டவில்லை. கடைசியில் ஹாலில் இருந்த உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றோம். உள்ளே சிங்கமீன் தன் விசிறிகளையெல்லாம் விரித்துக்கொண்டு, நடப்பது எதுவும் தனக்குச் சம்பந்தமில்லை என்று மிதந்துகொண்டிருந்தது.

"இது எனக்கு," என்றேன்.

"நான் வாங்கினது. எனக்குத்தான்," என்றான்.

அதோடு பேச்சு நின்றது. கோர்ட் தேதி வரும்வரை ஒரே வீட்டில் இருந்து தொலைக்க வேண்டிய நிலைமை. நான் படுக்கையறையில், அவன் ஹால் சோபாவில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை மீனிடம் சொன்னோம். ஜாடை பேச ஆட்களுக்கு ஒரு பூனையோ சுவரோ போதும், எங்களுக்கு மீன் வாய்த்தது. அதற்குக் காது எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தவள் நான். வேலைவெட்டி கிடையாது. பட்டையும் கோடுமாகப் பளபளவென்று உடுத்திக்கொண்டு நடு ஹாலில் நிற்கும். கீழே கிடப்பதைத் தானாக எடுத்துத் தின்னாது, முகத்துக்கு எதிரே கொண்டுபோய் ஆட்டிக்காட்டிப் பரிமாற வேண்டும். தொட்டால் முதுகு முள்ளில் விஷம். ஏன் அந்தப் பேர் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. புரிந்திருக்கும்.

வாங்கியவன் அவன்தான், நான் மறுக்கவில்லை. வாங்குவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. வந்த புதிதில் அது உயிரோடு துள்ளும் இறாலைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்காது. செத்ததைத் தின்னப் பழக்கியது யார்? நான். நீள இடுக்கியின் நுனியில் உறைந்து இளகிய இறாலைப் பிடித்து, உயிருள்ளதுபோல நடுங்கவிட்டு, கை மரத்துப்போகும்வரை நின்றவள் நான். அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மறுநாளும் நிற்பேன். ஒரு நாள் டபக்கென்று விழுங்கியது. அன்றைக்கு ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டும் போலிருந்தது. அவனிடம் சொன்னேன். "ம்," என்றான், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அதன் பிறகு எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பாடு. ஒரு நாள் இறால், ஒரு நாள் கணவாய், நடுநடுவே சின்னக் கடல்மீன். அதன் மேல் இரண்டு சொட்டு வைட்டமின். துண்டு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு: மீனின் இரண்டு கண்களுக்கு நடுவே எவ்வளவு இடமோ அவ்வளவுதான். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவள். இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள தூரத்தை அளப்பதுதான் என் பிழைப்பே. மீனுக்கு அளப்பதா கஷ்டம்? மிஞ்சியதை உடனே எடுத்துவிடுவேன், தண்ணீர் கெடாது. மீன் கும்மென்று இருந்தது.

பேச்சு நின்ற பிறகுதான் அவன் தங்கமீன் வாங்கிவர ஆரம்பித்தான். லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வரும்போது, சாவிக்கொத்து ஒரு கையில், தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பை மறு கையில். பைக்குள் ஆரஞ்சு நிறத்தில் நாலைந்து குஞ்சுகள். ஒவ்வொன்றாக உள்ளே விடுவான். மாப்பிள்ளை விசிறியை விரித்து, மூலைக்குத் தள்ளி, லபக். இவன் கைதட்டுவான்.

கூடத்தைக் கடந்து போகிறவள்போல நான் தொட்டிக்கு எதிரே நின்றேன்.

"முழுங்குடா ராசா, நல்லா முழுங்கு. நல்ல தண்ணியில வளந்த மீனு, உனக்கு ஆகவே ஆகாது. வெறும் கொழுப்பு. ஈரல் வீங்கி நீ சாகும்போது உங்கப்பன் வேற ஒண்ணு வாங்கிக்குவான். அவனுக்கு வாங்க மட்டும்தானே தெரியும்."

அவன் சோபாவில் இருந்தபடியே மீனைப் பார்த்துச் சொன்னான்: "நீ சாப்பிடுடா. அளவு எடுத்துப் பரிமாறுற வீட்டுல வாக்கப்பட்டுட்ட. வாரத்துக்கு ரெண்டு வேளை, அதுவும் ஆஸ்பத்திரிச் சாப்பாடு. தொரத்திப் பிடிச்சுத் தின்னாத்தான்டா அது சாப்பாடு."

எனக்கு எங்கே எரிந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்த முறை நான் இடுக்கியோடு போனபோது மாப்பிள்ளை என்னைப் பார்த்தது, இறாலைப் பார்த்தது, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போய்விட்டது. சோபாவிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. இறாலை இடுக்கியோடு அவன் மூஞ்சியில் எறிந்திருப்பேன். தரை நாறும், துடைப்பவள் நான் என்பதால் விட்டேன்.

அதன் பிறகு அது அவன் காலடிச் சத்தத்துக்கே கண்ணாடி ஓரம் வந்து நின்றது. வயிறு பந்துபோல உப்பிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் ரோஷத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு நேராக அவன் எதிரில் போய் நின்றேன்.

"அது வயித்தப் பாத்தியா? கொன்னுடாத. தங்கமீன நிறுத்து."

அவன் என் தோளுக்கு மேலாக மீனைப் பார்த்தான். "மாப்ள, இங்க யாரோ பேசுற மாதிரி சத்தம் கேக்குது. உனக்குக் கேக்குதா?"

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டேன். சோபாவில் இருந்தபடியே அவன் தன் பங்குக்குத் தன் அத்தைக்குப் போட்டான். இருவரும் பஞ்சாயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். என் அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். எதிரே யார் வந்தாலும் நிதானமாக பிரேக்கில் கால் வைக்கிற ஆள், அதனால் பஞ்சாயத்துக்கு லாயக்கில்லை. அத்தை அப்படி இல்லை. அவன் அப்பாவின் அக்கா, தாயில்லாத அவனை வளர்த்தவர். ஜட்ஜ் அத்தை என்றுதான் சொந்தத்தில் பேர். அவர் தீர்ப்பு சொன்னால் மேல்முறையீடு கிடையாது.

"ரெண்டு பேரும் ஊட்டி ஊட்டிக் கெடுத்து வெச்சிருக்கீங்க," என்றார். "ஒரு வாரம் யாரும் எதுவும் போடக் கூடாது. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வரேன். ஆளுக்கொரு பக்கம் நில்லுங்க. பசியில அது யாரத் தேடி வருதோ, அவங்களுக்கே அது. அப்புறம் எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

"ஒரு வாரமா? செத்துடும் அத்தை," என்றான் அவன்.

"சாகாது," என்றேன். அத்தையைப் பார்த்துத்தான். முகத்தில் சந்தோஷம் தெரியாமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன். உயிருள்ள தீனிக்குக் கெட்டுப்போன சிங்கமீனை மறுபடி வழிக்குக் கொண்டுவர இதுதான் வைத்தியமே. நன்றாகப் பசிக்க விட வேண்டும். கொழுத்த மீன் ஒரு வாரம் சும்மா கிடந்தால் ஒன்றும் ஆகாது. நான் கெஞ்சியும் நடக்காததை அவன் அத்தையே நடத்திக்கொடுத்துவிட்டார். அவனும் தலையாட்டினான்.

அந்த வாரம் வீடு வீடாகவே இல்லை. மாப்பிள்ளை கண்ணாடியோடு கண்ணாடியாக அலைந்தது. நான் போனால் என் பின்னால், அவன் போனால் அவன் பின்னால். வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் என் சாப்பாட்டுத் தட்டை அதற்கு எதிரிலேயே வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். நல்லதுக்குத்தான் என்று தெரியும்போது எனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருப்பதில்லை. அவன் சோபாவைத் திருப்பிப் போட்டு, தொட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான்.

"பாத்தியாடா," என்றேன் மீனிடம், "பசின்னதும் முதுகக் காட்டுறான்."

அவன் டி.வி. சத்தத்தைக் கூட்டினான். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தை சோபாவைப் பழையபடி தொட்டிப் பக்கம் திருப்பச் சொல்லி நடுநாயகமாக உட்கார்ந்தார். அண்ணன் கதவோரம் நின்றான். தொட்டியின் இடது பக்கம் அவன், சின்ன வலைக்குள் தங்கமீனோடு. வலது பக்கம் நான், இடுக்கியில் இறாலோடு. அளந்து நறுக்கிய துண்டு.

"ஆரம்பிங்க," என்றார் அத்தை.

அவன் தங்கமீனை உள்ளே விட்டான். அது விறுவிறுவென்று ஓடியது. மாப்பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறாலை மெல்ல நடுங்கவிட்டேன். பாறைக்குப் பின்னாலிருந்து அது மெதுவாகக் கிளம்பியது. என் பக்கம்தான். ஒரு சாண் தூரத்தில் நின்று விசிறியை விரித்தது. வாயைத் திறந்தது.

இறாலை எடுக்கவில்லை. உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி எதையோ வெளியே கக்கியது. வெள்ளையாக, பாதி கரைந்த ஒன்று தண்ணீரில் சுழன்றது. அதன் வால் மட்டும் இன்னும் ஆரஞ்சாக இருந்தது.

அத்தை எழுந்து வந்து கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"என்னடா இது?"

"நேத்து," என்றான் அவன். "ஒண்ணே ஒண்ணு."

"ஏன்டா? அவ்வளவு தூரம் சொல்லிட்டுப் போனேனே!"

"என்னையே பாத்துச்சு அத்தை. திரும்பி உக்காந்தாலும் முதுகுல தெரியுது. பசியோட ஒண்ணு நம்மளையே பாத்துட்டு இருந்தா எப்படி அத்தை சும்மா இருக்குறது? என்னால முடியல."

நான் சிரித்தேன். அடக்கியிருக்கலாம், அடக்கவில்லை. திருட்டுத்தனம் நாலு பேர் முன்னால் வாந்தியாக வந்து மிதக்கிறது, எவ்வளவு நாள் காத்திருந்தேன் இதற்கு! கைவலையைத் தொட்டிக்குள் விட்டு அந்த ஆரஞ்சு வாலை எடுத்து அவன் முன்னால் நீட்டினேன்.

"இந்தா, உன் பாசம். எடுத்துட்டுப் போ."

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது, அவன் மேலா என் மேலா தெரியவில்லை. "பேச்ச மீறுனவனுக்கு மீன் கெடையாது. அவளே வெச்சுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரமே ஃபிரிட்ஜை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு அவனும் அத்தை வீட்டோடு போய்விட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே நெடுநேரம் நின்றான்.

"ஜெயிச்சுட்ட."

"ஆமா."

"அவனுக்கு மனசு கேக்கல. உனக்கு எப்படிடி கேட்டுச்சு?"

"கேக்காம இருந்திருந்தா மீன் செத்திருக்கும். அவன் போட்டது பாசம் இல்ல, வெஷம்."

"நீ சொல்றது சரிதான்," என்றான். அந்தச் 'சரிதான்' எனக்குப் பிடிக்கவே இல்லை.

முறைப்படி செய்தேன். மிஞ்சிய தங்கமீனை வலை போட்டு எடுத்து ஒரு வாளியில் விட்டேன். தண்ணீர் மாற்றினேன். வயிறு வடியும்வரை விட்டுவிட்டு, பிறகு இறாலைக் காட்டினேன். வேண்டாம் என்றது. மறுநாளும் வேண்டாம் என்றது. ஃபிரிட்ஜ் போய்விட்டதால் இறாலைக் கடையில் எங்கள் சாப்பாட்டு அறை ஃபிரிட்ஜில் ஒளித்துவைத்து, தினமும் ஒரு டப்பாவில் எடுத்துவந்தேன். கூட வேலை செய்கிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். மீன் போய்ச் சேர்ந்துவிட்டால் அவன் என்ன சொல்வான் என்று நினைக்கும்போதே எனக்குத் தூக்கம் போனது. ஒரு சாயங்காலம் இடுக்கியை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன், பாறைக்குப் பின்னாலிருந்து வந்தது. பார்த்தது. டபக்கென்று விழுங்கியது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையைக் கழுவக்கூட இல்லை, அவனுக்குப் போன் போட்டேன். நேராகவே பேசினேன்.

"சாப்டுச்சு. இறால். என் கையால. தெரிஞ்சுக்கோ."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் திருப்பிக் கொடுக்க நாலைந்து தயாராக வைத்திருந்தேன்.

"பசிக்குச் சாப்டுச்சா, பிடிச்சு சாப்டுச்சா?" என்று கேட்டான். குத்தலாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? வயித்துக்குள்ள போச்சுல்ல?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

தொட்டிக்கு வந்தேன். மாப்பிள்ளை கண்ணாடி ஓரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது பசி இல்லை. இப்போது நீட்டி, இப்போதும் வாங்கிக்கொண்டால், அவனுக்கு ஒரு பதில் இருக்கும். டப்பாவிலிருந்து இன்னொரு இறாலை எடுத்து இடுக்கியில் மாட்டித் தண்ணீருக்குள் விட்டேன். அது விசிறியை விரித்து நெருங்கி வந்தது. இன்னும் ஒரு விரல் தூரம். அந்த ஈரலுக்கு இன்றைக்கு இதற்கு மேல் ஆகாது என்று எனக்குத் தெரியும். கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. அது இறாலின் பின்னாலேயே மேலே வந்து, தண்ணீர் முடிகிற இடத்தில் நின்று, வாயைத் திறந்து திறந்து மூடியது.

"போதும்," என்றேன். இறாலைக் குப்பைக்கூடையில் போட்டேன்.