வலிக்குதுங்களா?

டாக்டர் இன்றைக்கும் அதைத்தான் கேட்பார். எங்கேயாவது கொஞ்சம் வலித்தால் தேவலை.

சண்முகப்பிரியா குளியலறை முக்காலியில் உட்கார்ந்து, வலது கையை மடிமேல் போட்டுக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் இடது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனாள். முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே வந்ததும் நிறுத்தினாள். அங்கேதான் நரம்பு லேசாகத் தடித்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு பலமாக அழுத்தினாள். அழுத்தம் தெரிந்தது; வலி இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேடாக இருந்த சதை எட்டு மாதத்தில் பள்ளமாகிவிட்டது. தண்ணீர் மொண்டு ஊற்றினால் அந்தப் பள்ளத்தில் ஒரு கணம் நின்றுவிட்டு வழிகிறது. தோலுக்கடியில் மட்டும் ஒரு துடிப்பு, பொங்கும் முன் பாலாடை அசைவதுபோல, தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் வலிக்கவில்லை. மகள் லாஸ்யா பிறந்தபோது வலி போதும் சாமி என்று கேட்டவள்தான். இப்போது கொஞ்சம் கொடு என்று கேட்டால் சாமிக்கே குழப்பமாக இருக்கும்.

"பிரியா, ஆச்சா? ஒம்பதரைக்கு டோக்கனு."

கதவுக்கு வெளியே புருஷன் கிருபாசங்கர். குறிச்சி சிட்கோவில் லேத் பட்டறை வேலைக்கு அரை நாள் லீவு சொல்லியிருந்தான். அவள் சேலையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து முதுகைக் காட்டி நின்றாள். ரவிக்கையின் கொக்கிகளை அவன் ஒவ்வொன்றாகப் போட்டான். கேஜ் வைத்து இரும்பு அளக்கிற விரல்கள், கொக்கிகளில் தடுமாறின. மூன்றாவது கொக்கியில்தான் பேச்சை எடுத்தான்.

"டாக்டரு கேட்டா தேவலைன்னு சொல்லீரு, அம்மணி. கொக்கியெல்லாம் நானே போட்டுக்கறேன்னு சொல்லு."

"நீங்கதான இப்பப் போட்டுட்டிருக்கீங்க?"

"அதையெல்லாம் டாக்டர்ட்ட எதுக்குச் சொல்லோணும்?" கடைசிக் கொக்கியையும் மாட்டிவிட்டு அவள் தோளில் கையை வைத்தான். "மருந்து வேல செய்யுதுன்னு அவரு எழுதுனாத்தான் ரெண்டாந்தடவைக்கு இன்சூரன்சுல சரிம்பாங்க. இல்லீன்னா இத்தோட நிறுத்திப்போடுவாங்க. ஒரே ஒரு வார்த்த. எனக்காகச் சொல்லு."

அவள் முந்தானையை இடது கையால் இழுத்துச் செருகினாள். ஒரு வார்த்தைதான். முதல் தடவையும் அது ஒரு வார்த்தையாகத்தான் இருந்தது.

பிப்ரவரியில் முதன்முதலாக அந்த ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் நவநீத் அவளுடைய கையில் பேனாவால் புள்ளி வைத்து, டேப்பால் அளந்து, புள்ளிக்குப் புள்ளி கரண்ட் கொடுத்துப் பார்த்தார். திரையில் கோடு எழும்பி இறங்கியது. மோட்டாரின் செப்புக்கம்பிச் சுருளான காயிலைக் கட்டுகிறவளுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் கரண்ட் கொஞ்சம் மட்டுப்படுவது அவளுக்கே தெரிந்தது. "வலிக்குதுங்களா? மரத்துப்போகுதா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதா?" என்று கேட்டார். இல்லைங்க என்றாள். அடுத்த வாரமும் அதையே கேட்டார். இல்லைங்க என்றதும் அவர் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டதை அவள் பார்த்தாள். மூன்றாவது தடவை அதே கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் நிமிர்ந்து காத்திருந்தபோது, அந்த மனுஷனை இன்னொருமுறை ஏமாற்ற மனமில்லாதவள்போல, "ஆமாங்க" என்றாள். "ராத்திரியில மரத்துப்போகுதுங்க. எறும்பு ஊறுதுங்க."

அவர் உடனே எழுதினார். நோய் ரெண்டில் ஒன்றாக இருக்கலாம் என்று விளக்கினார். நரம்பில் வரும் வீக்கம் என்றால் மருந்து ஏற்றினால் வற்ற வழியுண்டு. தசையை அசைக்கிற நரம்பணுக்களே கருகிப்போகிற இன்னொன்று என்றால் வழி குறைவு. "மரத்துப்போகுதுன்னு சொல்றதுனால ஒரு தடவை ஏத்திப் பாக்கலாம்." திரும்பி வரும்போது பஸ்ஸில் கிருபாசங்கர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான், சந்தோஷத்தில். அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போன் போட்டான். "நரம்புல வீக்கமுங்க்கா. வீக்கம்னா வத்தீருமுல்ல." பக்கத்து வீட்டுக்காரர், பட்டறை முதலாளி, மளிகைக் கடைக்காரர் என்று எல்லோருக்கும் அந்த ஒரே வாக்கியம்தான். அந்த வாக்கியத்தில் பாதியைக் கட்டியது அவள். மிச்சப் பாதிதான் ஸ்கேனில் வந்தது.

போத்தனூரிலிருந்து பஸ் உக்கடத்தைத் தாண்டும்போது அவள் வழக்கம்போல வலதுபக்கம் பார்த்தாள். சந்துக்குள் வஹீது பாயின் ரீவைண்டிங் கடை. பதினேழு வருஷம் அங்கே காயில் கட்டியவள். பொள்ளாச்சி ரோட்டுக்காரர்கள் கிணற்று மோட்டார்களை டெம்போவில் போட்டுக்கொண்டு வருவார்கள். காயில் கருகியிருந்தால் தூக்கிக்கொண்டு வருகிறபோதே வாடை சொல்லிவிடும். ஆனாலும் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "ஒயருலதான் ஏதோ கோளாறுங்க, காயிலு நல்லா இருக்குதுங்க." இளகிப்போன ஒயரை எடுத்தும் காட்டுவார்கள். சில சமயம் அது நிஜம்தான். ஒயர் கெட்டு, அதனால் காயில் போயிருக்கும். பலசமயம் காயில் எரிந்த சூட்டில் ஒயர் இளகியிருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வஹீது பாய் இதற்காகவே ஒரு சட்டம் வைத்திருந்தார். மோட்டார்க்காரர் வந்து தன் கண்ணால் பார்க்காமல் கருகிய காயிலை வெட்டக் கூடாது. "நம்ம வாயால சொல்லக் கூடாதும்மா. அவுங்க கையில எடுத்துக் குடுத்துரணும். கரி கையில ஒட்டுச்சுன்னா அப்புறம் நம்மள ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

ஒரே ஒரு தடவை அவள் அதை மீறினாள். கிணத்துக்கடவுப் பக்கம் காளிச்சாமி என்று ஒருவர். வாழை குலை தள்ளுகிற சமயம். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். "வார்னீசு ஊத்திக் காய வச்சுக் குடுத்துருங்க அம்மணி, ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவளும் இரக்கப்பட்டு, காயிலை எடுத்துக் காட்டாமல், வார்னிஷ் ஊற்றிக் காய வைத்துக் கொடுத்தாள். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் ஸ்டார்ட்டரையும் சேர்த்து எரித்துவிட்டு நின்றது. அவர் வந்து திட்டவில்லை. "நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா பக்கத்துத் தோட்டத்துத் தண்ணியாவது கேட்டு வச்சிருப்பனுங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பாள்.

காயிலைச் சேர்த்துக் கட்டுகிற நூல் முடிச்சை இறுக்க முடியாமல் போனதில்தான் அவளுக்கு இது ஆரம்பித்தது. இறுக்கினால் நூல் நழுவும். பாய் இரண்டு மாதம் கண்டுகொள்ளாத மாதிரி இருந்து, அவள் போன பிறகு அவள் போட்ட முடிச்சுகளைத் தானே இறுக்கி வைத்தார். அதை அவளும் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய டோக்கன் பதினொன்று. நாற்காலியில் உட்கார்ந்ததும் மாடியிலிருந்த வார்டு ஞாபகம் வந்தது. போன மாதம் ஐந்து நாள் அங்கே படுத்து மருந்து ஏற்றிக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் ரூபினா என்ற பெண், கரும்புக்கடைக்காரி. பத்து நாளுக்குள் இரண்டு காலும் விழுந்து தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். காலெல்லாம் வலி, ராத்திரி முழுக்க முனகுவாள். அவளுக்கும் அதே மருந்துதான், அதே மாதிரி பாட்டில். நாலாம் நாள் காலையில் போர்வைக்கு வெளியே ரூபினாவின் கால் கட்டைவிரல் அசைந்தது. அவள் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடி வந்தாள். இட்லி வாங்கிக்கொண்டு வந்த புருஷனைப் பார்த்து, "காலு வந்துருச்சுங்க! இருங்க, மொதல்ல உங்களத்தான் இந்தக் காலால எத்தணும். ஆட்டோவ வேகமா ஓட்டுங்கன்னா ஓட்டுனீங்களா அன்னிக்கி?" என்றாள். அந்த மனுஷன் இட்லிப் பொட்டலத்தோடு நின்று சிரித்தான். வார்டே சிரித்தது. சண்முகப்பிரியாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போர்வைக்கு உள்ளே தன் வலது கைக் கட்டைவிரலை மடக்கிப் பார்த்தாள்; அது பழையபடிதான் இருந்தது. மருந்து வேலை செய்தால் அது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். ரூபினாவின் முனகலை நினைத்து ராத்திரியில் பொறாமைப்பட்டதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

"பதினொண்ணு வாங்க."

டாக்டர் நவநீத்துக்கு முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு, மேஜையிலிருந்த வெள்ளைத்தாளில் ஒரு பட்டையைக் கிழித்தார். இது அவளுக்குப் பழக்கமான சோதனை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தாளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவர் இழுப்பார்; பலமில்லாத கையிலிருந்து தாள் நழுவிவிடும். இடது கையில் தாள் நின்றது. வலது கைக்கு வரும்முன் கிருபாசங்கர் குறுக்கே பேசிவிட்டான்.

"நல்லா தேவலைங்க டாக்டர். முன்ன கொக்கி போட முடியாது, இப்பத் தானே போட்டுக்கறா. டம்ளர் புடிக்கறா. இன்னொரு தடவ ஏத்துனா முழுசா வத்தீரும்ங்க."

டாக்டர் பட்டையைக் கீழே வைத்தார். "வத்தீரும்னா?"

"நரம்புல வீக்கம் இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"இருக்குதுங்க. இல்லைன்னு சொல்லல." அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "ஆனா அந்த இன்னொரு நோய்லயும் கையில கால்ல ஓடற நரம்புல வீக்கம் வரும். நம்ம ரத்தத்துல காவலுக்குன்னு அணுக்கள் இருக்குதில்லீங்களா, அதுக நரம்புக்குள்ள பூந்துக்குதுக. எரியறதப் பாத்து அணைக்க வந்துச்சா, அதுகளே எரிய வைக்குதான்னு இன்னும் தெளிவாத் தெரியல. கொஞ்சம் நல்லதும் செய்யுது, கொஞ்சம் கெட்டதும் செய்யுதுங்கறாங்க. ஆராய்ச்சி நடந்துட்டுத்தான் இருக்குது. ஆனா அந்த நோயா இருந்தா, இந்த மருந்து ஏத்தி யாருக்கும் நோய் நின்ன மாதிரி தெரியலீங்க."

கிருபாசங்கருக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அவளுக்கு ஏறியது. இளகிப்போன ஒயர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

"அதனாலதான் நீங்களே சொல்லணும்" என்று டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "மருந்து ஏத்துனதுக்கு அப்புறம் வித்தியாசம் தெரியுதுங்களா? அந்த மரமரப்பு கொறஞ்சிருக்குதா?"

"சொல்லு பிரியா" என்றான் கிருபாசங்கர். மேஜைக்கு அடியில் அவன் முழங்கால் அவள் முழங்காலைத் தொட்டது. தள்ளவில்லை, சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் அவன் வீட்டு ஆட்களுக்கு நடுவே அவள் பேச்சுத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்போது இப்படித்தான் தொடுவான், நான் இருக்கிறேன் என்பதற்கு. அந்த முழங்காலுக்காகவாவது சொல்லிவிடலாம். சொன்னால் இன்னும் ஐந்து நாள் வார்டு. அதற்கப்புறம் இன்னொரு ஒன்பது நாள், அல்லது தொண்ணூறு நாள், வீடு முழுக்க வீக்கம் என்ற வார்த்தை ஓடிக்கொண்டிருக்கும். லாஸ்யா கோச்சிங் கிளாஸுக்குப் போவாள். யாரும் எந்தத் தோட்டத்திலும் தண்ணீர் கேட்டு வைக்க மாட்டார்கள்.

"மரமரப்பு இல்லீங்க டாக்டர்" என்றாள். "எப்பவுமே இருந்ததில்லீங்க. நாந்தான் இருக்குதுன்னு சொல்லிப்போட்டேன். வலியும் இல்லீங்க."

டாக்டர் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"ஏன் இப்புடிப் பேசற? நேத்துக்கூட டம்ளரு புடிச்சீல்ல?" கிருபாசங்கரின் குரல் மேலே போய்த் தானே இறங்கியது. "அவருகிட்டச் சொல்லு. தேவலைன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு, கண்ணு."

அவள் இடது கையால் மேஜையிலிருந்த தாள் பட்டையை எடுத்து, வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நிதானமாகச் செருகிக்கொண்டாள். பிறகு கையை டாக்டரிடம் நீட்டாமல் புருஷன் பக்கம் திருப்பினாள்.

"இழுங்க" என்றாள்.

அவன் டாக்டரைப் பார்த்தான். வெளியே பன்னிரண்டாம் டோக்கனைக் கூப்பிட்டார்கள். கிருபாசங்கர் இரண்டு விரலால் தாளின் மறுமுனையைப் பிடித்தான். பிடித்தானே தவிர, இழுக்கவில்லை. மின்விசிறிக் காற்றில் பட்டையின் நடுப்பகுதி மெல்ல உப்பி, அமர்ந்து, மறுபடி உப்பிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அவனும் விடவில்லை.