நெயில் பாலிஷ் வைத்த மோட்டார்கள்

போன வருடப் போட்டியில் அவர்களுடைய ரோபோவிலிருந்து புகை வந்தது. கொஞ்சநஞ்சப் புகையல்ல, நடுவரே தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். அந்த மோட்டாரைத் தேர்ந்தெடுத்த புண்ணியவதி நம் கணக்கு டீச்சர்தான். லேபிளில் போட்டிருந்த வேகத்தைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டாள். பத்துக் கிலோ பெட்டியை முட்டியதும் மோட்டார் நின்று, கொதித்து, பிராணனை விட்டது.

ரோபோ செய்வதில் அவளுக்குக் கூட்டாளி வேறு யாருமில்லை, அவள் அண்ணி. எரிந்த மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவள். கருகிய மோட்டாரை மோந்து பார்த்தே அது எப்படிச் செத்தது என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளை நாலு பேர் முன்னால் புகைக்கு நடுவே நிற்கவைத்தால் சும்மா இருப்பாளா?

"இந்தத் தடவையும் மொத சுத்துலயே வெளிய வந்தோம்னா ஆளை விடு தாயே. ஞாயித்துக்கெழமையாவது தூங்கிக்கறேன்" என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். டீச்சருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வாரம் முழுக்க, பதில் தெரிந்த கேள்விகளையே கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள் அவள். ஞாயிறு மதியம் கடையின் பின்னறையில், பதில் தெரியாத ஒன்றை மேசைமேல் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொள்வார்களே, அந்த நாலு மணி நேரம்தான் அவளுக்கு வாரம். அதை இழக்க அவளுக்கு மனசில்லை.

அதனால் இந்தத் தடவை லேபிளை நம்பவில்லை. மேசை விளிம்பில் மூன்று மோட்டார்களை வரிசையாகப் பொருத்தி, ஒவ்வொன்றின் தண்டிலும் கயிறு சுற்றி, கயிற்றில் ஒரு வாளியைத் தொங்கவிட்டாள். வாளியில் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றி, எது எவ்வளவு வேகமாகத் தூக்குகிறது என்று நோட்டில் குறித்தாள்.

"கெணத்துல தண்ணி எடுக்கப் போட்டியா வச்சிருக்காங்க?" என்றாள் அண்ணி. ஆனாலும் டம்ளரை வாங்கி அவளே ஊற்றினாள்.

கார் வைப்பர் மோட்டார் முழு வாளியையும் தூக்கியது. தூக்கி முடிப்பதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். பேட்டரி சக்கர நாற்காலியின் மோட்டார் மேசையையே தூக்கும் போலிருந்தது. ஆனால் இரண்டு போட்டாலே ரோபோவுக்கான எடை வரம்பு தாண்டிவிடும். டிரில் மெஷின் மோட்டார்தான் வேடிக்கை. சுமையில்லாதபோது தலைகால் தெரியாமல் சுற்றியது. தண்ணீர் ஏற ஏற நிதானப்பட்டது. வேகம் பாதியாகக் குறைந்த இடத்தில்தான் அது அதிகமாக வேலை செய்தது.

"பாருங்க அண்ணி! சும்மா சுத்துறப்ப எல்லாம் வெறும் பீத்தல். பாதி வேகத்துலதான் வேலையே நடக்குது. அந்த இடத்துல ஓடுற மாதிரி பல்சக்கரம் போட்டா எரியாது!"

"எங்க கடைல வேலை பாத்தவனுங்களும் அப்படித்தான்" என்றாள் அண்ணி.

இடப்பக்கச் சக்கரத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு டிரில் மோட்டார்கள் முடிவாயின. புதிதே ஆனாலும் பிரித்துப் பார்க்காமல் வண்டியில் ஏற்றமாட்டேன் என்று அண்ணி அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து, மின்சாரத்தை உள்ளே கடத்த மூடியோடு இருக்கும் கார்பன் கட்டைகளைச் சரிபார்த்து மூடினாள். தன் கை பட்ட மோட்டாருக்கெல்லாம் மூடியிலுள்ள குறிமேல் அவள் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைப்பாள். இவற்றுக்கும் வைத்தாள்.

முதல் சுற்று இதுதான்: நாலு மீட்டர் பலகைமேல் பன்னிரண்டு விநாடிக்குள் பெட்டியைத் தள்ளிப்போக வேண்டும், கீழே விழக் கூடாது. வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். வேகமென்றால் வேகம், ஆனால் ஒரு மீட்டர் தாண்டியதும் வலப்பக்கம் ஒதுங்கித் தொபுக்கென்று விழுந்தது. பத்துத் தடவை ஓட்டினார்கள், பத்துத் தடவையும் வலப்பக்கமே.

"தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்காம வேற மோட்டார் பாக்கலாமா?" அண்ணி நெற்றியைத் தேய்த்தாள். போட்டிக்கு நாலே நாள் இருந்தது.

அண்ணி முன்பக்கக் கடைக்குப் போனதும் டீச்சர் தனியாக உட்கார்ந்தாள். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், ஏன் எப்போதும் வலம் என்கிற கேள்வி அவளை விடவில்லை. சக்கரங்களை இடம் மாற்றினாள், வலப்பக்கமே போனது. மோட்டார்களையே இடம் மாற்றினாள். இடப்பக்க மோட்டார்தான் வேகம் என்றால் இப்போது வண்டி இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டுமே! சனியன், அப்போதும் வலப்பக்கமே போனது. ஆக, கோளாறு ஒரு மோட்டாரில் இல்லை. எந்தப் பக்கம் உட்கார்கிறதோ அதில் இருக்கிறது.

எதிரும் புதிருமாக மாட்டியிருப்பதால், வண்டி முன்னே போகும்போது இரண்டு மோட்டார்களும் எதிரெதிர்த் திசையில் அல்லவா சுற்றுகின்றன! ஒன்றைப் பல்சக்கரத்தோடு கழற்றி மேசையில் வைத்து, இரண்டு திசையிலும் ஓட்டி, போனில் படமெடுத்து எண்ணினாள். பத்து விநாடியில் ஒரு திசையில் நாற்பத்தோரு சுற்று, மறு திசையில் முப்பத்து நாலு. இன்னொன்றும் அப்படியே. மூடியை உற்றுப் பார்த்தாள். மோட்டார் உடம்பில் கம்பெனி போட்ட கோட்டுக்கும் மூடியின் சிவப்புப் பொட்டுக்கும் நடுவே ஓர் அரிசி அகலம் இடைவெளி இருந்தது.

அப்படியென்றால் மூடியைத் திருப்பியது அண்ணி! சொன்னால் அண்ணி மனசு ஒடிந்துபோவாள். சொல்லாமல் தானே திருப்பி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? திருப்புளியைக் கையில் எடுத்தும் விட்டாள். ஆனால் ஏன் அப்படித் திருப்பினாள் என்று தெரிந்துகொள்ளாமல் எப்படித் தூங்குவது?

"அண்ணி, கொஞ்சம் வாங்களேன். இந்த மூடியை ஏன் திருப்பி வச்சீங்க?"

அண்ணி குனிந்து பார்த்தாள். பொட்டின்மேல் விரலை வைத்துத் தேய்த்தாள்.

"அட கடவுளே! இருவத்திரெண்டு வருஷமா எங்கிட்ட வர்ற மோட்டாரெல்லாம் ஒரே பக்கம் சுத்துறதுடி. பம்புன்னா பம்பு, மிஷின்னா மிஷின். அது சுத்துற பக்கத்துக்கு ஏத்த மாதிரி கார்பனைத் துளி நகத்தி வச்சா வேகமும் கூடும், பொறியும் கொறையும். கை தன்னால செஞ்சிருக்கு. தொட்டில் பழக்கம்!" முகம் வாடிப்போயிற்று. "அப்ப விழுந்ததெல்லாம் என்னாலதான்."

"போன வருஷம் என்னால. கணக்கு சரியாப்போச்சு" என்றாள் டீச்சர்.

இரண்டையும் கம்பெனிக் கோட்டுக்கே கொண்டுவந்து ஓட்டினார்கள். நேராகப் போனது, ஆனால் பதின்மூன்று விநாடி ஆனது. அண்ணி நெயில் பாலிஷ் புட்டியை உருட்டியபடி யோசித்தாள்.

"ஏண்டி, ஒண்ணோட மூடியை இந்தப் பக்கமும் இன்னொண்ணோடதை அந்தப் பக்கமும் நகத்தினா?"

டீச்சர் வாயைப் பிளந்தாள். "முன்னால போறப்ப ரெண்டும் வேகமா சுத்தும்! ஆனா பின்னால வர்றப்ப ரெண்டும் மெதுவாயிடும். ரெண்டாவது சுத்துல திரும்பி வரணுமே?"

"மொதல்ல மொத சுத்தைத் தாண்டுவோம். இது முன் வச்ச காலைப் பின் வைக்காத வண்டி!"

போட்டியன்று, முதல் சுற்றில் வண்டி கோடு போட்டது போலப் போய், பதினொரு விநாடியில் முடித்தது. இரண்டாவது சுற்றில் போனது புலி மாதிரி. திரும்பி வந்ததுதான் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிய மருமகள் மாதிரி. பாதி வழியிலேயே மணி அடித்துவிட்டது.

கைதட்டல் எதிரணிக்கு. வண்டியைத் தூக்கிக்கொண்டு டீச்சர் திரும்பினால், அண்ணியைக் காணோம். கோபித்துக்கொண்டு போய்விட்டாளோ? கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசல்வரை போய்ப் பார்த்தாள்.

அங்கே இல்லை. உள்ளேதான், ஜெயித்தவர்களின் மேசைமேல் பாதி உடம்பைச் சாய்த்து, அவர்களுடைய ரோபோவின் வயிற்றுக்குள் மூக்கை நுழைத்திருந்தாள். நிமிர்ந்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்:

"எங்கடி போன? இவங்க வண்டி ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துல ஓடுது, எப்படின்னே புரியல. நோட்டை எடுத்துட்டு ஓடி வா!"