யார் கேட்ட கேள்வி

விவாகரத்துக்கு மனுப் போட்ட பிறகும் அவள் கணவருக்கு வலது பக்கமாகத்தான் உட்கார்ந்தாள். லேத்துப் பட்டறை இரைச்சல் அவருடைய இடது காதை எப்போதோ தின்று தீர்த்துவிட்டது. வலது காதும் அரைகுறைதான். நீதிமன்றத் தாழ்வாரத்தில் அத்தனை பெஞ்சு காலியாகக் கிடக்க, போயும் போயும் இவர் பக்கத்திலா வந்து உட்கார்ந்தோம் என்று அவளுக்கே எரிச்சலாக வந்தது.

சண்டைக்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. மருந்துக்கடையில் நாள் முழுக்கத் தணிந்து பேசுகிறவள், வீட்டுக்கு வந்தால் கத்த வேண்டும். "சாப்டீங்களா?" என்று கேட்டாலே பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். கத்திக் கத்தி, பாசத்துக்கும் கோபத்துக்கும் ஒரே குரலாகிப் போனது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தாள். மண்டைக்குள் கொய்ங்கென்கிறது என்று அவர் அதை அலமாரியில் போட்டார். அவர் எடுக்கவில்லை, இவள் விடவில்லை. அது நீதிமன்றம் வரை வந்துவிட்டது.

இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல். அதிலாவது ஒற்றுமை. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்" என்று சொல்லி உள்ளே அழைத்துப் போனார்.

நீதிபதியம்மாவுக்கு மெல்லிய குரல். கணவரைப் பார்த்து, "சேர்ந்து வாழ இஷ்டம் இருக்கா?" என்று கேட்டார்.

அவர் வழக்கம்போல் மனைவி பக்கம் திரும்பினார். டாக்டரிடமும் வங்கியிலும் கல்யாண வீடுகளிலும், எதிரில் இருப்பவர் சொன்னதை அவர் காதில் போடுவது அவள்தான். 'என்று கேட்கிறார்கள்' என்ற வாலை எப்போதோ வெட்டிவிட்டாள். கத்துகிறவளுக்கு ஒரு சொல் குறைந்தாலும் லாபம்தானே. நீதிமன்றத்தில் கத்த முடியாது என்பதால், நன்றாகக் குனிந்து, அவர் காதோரம் மெதுவாகச் சொன்னாள்.

"சேர்ந்து வாழ இஷ்டம் இருக்கா?"

அவர் அவளையே பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"உனக்கு இருந்தா எனக்கும் இருக்கு" என்றார். அறை முழுக்கக் கேட்டது.

வக்கீல் நெற்றியைத் தேய்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார் நீதிபதியம்மா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கூச்சம் பிடுங்கித் தின்றது. "அவரு தப்பா புரிஞ்சுக்கிட்டாருங்க" என்று வாய் முந்திக்கொண்டது.

"அப்ப சரியாச் சொல்லுங்க."

மறுபடி குனிந்தாள். "நான் கேக்கலங்க. ஜட்ஜம்மா கேட்டாங்க."

"அப்படியா" என்றார் அவர். "அப்ப வேண்டாம்னு எழுதிக்கச் சொல்லு."

விவாகரத்து என்று தீர்ப்பானதும் அவர் முன்னால் படியிறங்கினார். காதோரம் போய்ச் சொன்னால் அவருக்கு இவ்வளவு நன்றாகக் கேட்கும் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. எட்டி நின்றே கத்தித் தீர்த்தோமே என்று பின்னாலேயே இறங்கினாள்.

"ஏங்க, நான்தான் கேட்டேன்" என்றாள்.

அவர் திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். தெருவே கேட்கக் கத்தினவளுக்கு அப்போது மெதுவாகத்தான் சொல்ல வந்தது. அவர் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.