கேட்காமல் ஊற்றிய தண்ணீர்

மாடியில் ரோஜாச் செடிக்கு உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. கீழே வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசி வாரக்கணக்காகிவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் தையல்காரியான பெண்டாட்டி நினைத்திருந்தாள்.

பேச்சு நின்றதற்குக் காரணம் அவளுடைய பழைய தையல் மெஷின். பஸ் ஓட்டுகிற அந்த மகானுபாவர் ஒரு வார்த்தை கேட்காமல் அதைத் தன் தங்கைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். "சும்மாதானே கெடந்துச்சு" என்று சமாதானம் வேறு. அன்றைக்கு வாயை மூடியவள்தான். அவரும் வீம்பில் சளைத்தவர் இல்லை.

ரோஜா, கல்யாணமாகிப் போன மகள் வைத்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிறாள். செடியோ அடியிலிருந்து மஞ்சளாகி இலையைக் கொட்டியது. மொட்டுகள் விரியாமலே கருகின. இலையைத் திருப்பிப் பார்த்தாள்; பூச்சி இல்லை. தாகமாக இருக்கும் என்று காலையில் ஊற்றுகிற ஒரு குவளையை இரண்டாக்கினாள். இன்னும் துவண்டது. பெற்ற மகள் வைத்த செடியை அந்த மனுஷன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லையே என்று உள்ளுக்குள் பொருமினாள்.

கடைசியில் மண்ணுக்குள் விரலை விட்டாள். ஒரே சேறு. மோந்து பார்த்தால் சாக்கடை நாற்றம். வேர் அழுகுகிறது. இரண்டு குவளைக்கு இவ்வளவு சேறா?

அன்று சாயங்காலம் காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனால், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அவர் ஒரு வாளித் தண்ணீரை ரோஜாத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்தால் வீம்பு போச்சு. திறக்காவிட்டால் செடி போச்சு.

"ஐயோ, போதும்! ஊத்தாதீங்க!"

அவர் வாளியோடு அப்படியே நின்றார். "கோவத்துல நீ செடியக் கவனிக்கலைன்னு நெனச்சேன்."

"உங்களப் பத்தி நானும் அதையேதான் நெனச்சேன்."

இருவரும் தொட்டியைச் சாய்த்தார்கள். அடி ஓட்டையில் மண் அடைத்திருந்தது. அவர் செடியைப் பிடித்துக்கொண்டார். துணிக்கத்தரியால் யாராவது காகிதம் வெட்டினாலே வீட்டை இரண்டாக்குகிறவள், அதே கத்தரியால் கறுத்துக் கொழகொழத்த வேர்களை வெட்டினாள். கொஞ்சம் வெள்ளை வேர் மிச்சமிருந்தது. மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் துளிர்க்காது, பிழைத்தால் போதும்.

முள் கிழித்த கையைத் துடைத்தபடி அவர், "மெஷினக் கேக்காம குடுத்தது தப்புதான்" என்றார்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்." கத்தரியில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தாள் அவள்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவர் வாசலில் நின்றார். "இன்னைக்குத் தண்ணி ஊத்தட்டுமா?"

இத்தனை வருஷத்தில் அவர் எதையும் அவளைக் கேட்டுச் செய்ததில்லை. மண் ஈரமாகத்தான் இருந்தது. எழுந்ததும் முதல் வேலையாகப் பார்த்துவிட்டாள். வாயில் கவ்வியிருந்த ஊசிகளை எடுத்தாள்.

"வேண்டாம்," என்றாள். "நாளைக்கும் கேளுங்க."